வெறும் நாண்

"வில்லை வில்" என்றான் ஜெயசிங்.
ஒரே சொல்லை இருமுறை சொன்னதுபோல் இருந்தது.
இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.
ஆன்டாப் ஹில்லில் பத்துக்குப் பன்னிரண்டு அறை,
டெபாசிட்டில் இருபத்தாறாயிரம் குறைந்தது.
பன்வேலிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்தான்.
பிடியைத் தட்டி, கரங்களை வளைத்துப் பார்த்து
பையோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.
அம்புகளை அவன் கேட்கவேயில்லை.
நானாகத்தான் கொடுத்தேன்.

மிச்சக் காசில் வாங்கியது இது:
கறுப்புப் பிளாஸ்டிக் பிடி,
ஆஸ்பத்திரி வாடையடிக்கும் ரப்பர் குழாய்,
நடுவில் ஒரு முழம் நிஜமான நாண்.

காலை நாலே முக்கால். குழாயில் தண்ணீர் வரும் நேரம்.
டிரம் நிரம்பும்வரை இடம் எனக்கு.
ஒரு கால் அவன் பாயின் ஓரத்தில்
மறுகால் சிலிண்டர் பக்கம்.
நீட்டிய இடக்கைக்கு எதிரே ஜன்னல் கம்பி,
அதற்கும் இப்பால், ஸ்விட்ச் போர்டில்
ஒரு சிவப்புப் புள்ளி. அதுதான் குறி.
பின்னால் சுவரில் காலண்டர்.
வலது முழங்கை சரியான உயரத்தில் போனால்
அதன் அடித்தகரம் 'டிங்' என்னும்.
சத்தமில்லையென்றால் முழங்கை தூங்குகிறது.

மூன்று விரல், கொக்கியாக.
நாண் மூக்கு நுனியில்,
சுட்டுவிரல் தாடை எலும்புக்கு அடியில்.
கையால் இழுக்காதே, முதுகால் இழு என்பார்கள்.
முதுகு எங்கே இருக்கிறதென்றே
முப்பத்தாறு வருடம் தெரியாமல் இருந்தவள் நான்.
துணிமூட்டை சுமந்தது, வடாலாவில்
ஏறும் கூட்டத்துக்கும் இறங்கும் கூட்டத்துக்கும் நடுவே
இடி வாங்கி நின்றது எல்லாம் அதுதானாம்.
இப்போதுதான் அறிமுகமாகிறோம்.

மஞ்சள் குழாய் ஒரு மாதம்.
சிவப்பு, இரண்டாவது வாரமே அறுந்து
கன்னத்தில் விளாசியது.
அரை விரல் தடிமனில் ஒரு வரி.

யூனிட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.
காஜா மிஷின் நிற்காமல் ஓடியது.
சாப்பாட்டு நேரத்தில் ஷாகீன் மட்டும்
என் டப்பாவில் இரண்டு கபாப் கூடுதலாக வைத்தாள்.
"ரப்பர்" என்றேன்.
"நானும் கதவு என்றுதான் சொல்வேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து காட்டினேன்.
அவன் டீ போட்டுக் கொடுத்துவிட்டு
வெளியே போய் நின்றுகொண்டான்.
நாண் என்றால் கயிறு, அதற்கே வெட்கமென்றும் பொருள் என்றேன்.
அவளுக்கு அது தந்தூர் ரொட்டி.
சிரித்து முடிய வெகுநேரமாயிற்று.
பிறகு வாங்கி இழுத்தாள்,
முதல் இழுப்பிலேயே 'டிங்'.
எனக்குப் பொறாமையாக இருந்தது.
"அம்பு எங்கே?"

நிஜ வில்லை அம்பில்லாமல் விடக்கூடாது, ஷாகீன்.
கிளம்பிய வேகத்துக்குப் போக இடமில்லாமல்
திரும்பி வந்து வில்லையே பிளந்துவிடும்.
இது அப்படியில்லை.
ஒன்றுமில்லாததை விட்டாலும்
'டப்' என்று வாங்கிக்கொள்கிறது.
"அப்போ நாள் முழுக்க விடலாமே" என்று
இன்னொருமுறை விட்டாள்.
அந்தமுறை யாரை நினைத்தாளோ,
கண்ணை மூடியிருந்தாள்.
கதவைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
போகும்போது மஞ்சள் குழாயை எடுத்துக்கொண்டாள்.

இப்போது பச்சை.
பிடியிலிருந்து ஒன்றரை லிட்டர் பாட்டில் தொங்குகிறது.
முப்பது எண்ணும்வரை ஆடக்கூடாது.
வாங்கப்போகும் வில்லின் எடை என்று சொல்லிக்கொள்கிறேன்.
எப்போது என்று மட்டும் சொல்லிக்கொள்வதில்லை.

இன்று ஏழில் கரண்ட் போனது.
சிவப்புப் புள்ளி அவிந்தது.
மழை தகரத்தில்.
இருட்டில் அது இருந்த இடத்தையே பிடித்துக்கொண்டு
எட்டு, ஒன்பது...
"பதினாலு" என்றது பாயிலிருந்து ஒரு குரல்,
தூக்கமும் விழிப்புமாக.
"பதினைஞ்சு."
நான் ஒன்பதில்தான் இருந்தேன்.
திருத்தவில்லை.
டிரம் வழிந்து
குதிகாலை நனைக்கத் தொடங்கியது.